மிச்சம் 44 வேஸ்ட்டா?

கேள்வி: எல்லா உயிருக்கும் ஒரே ஜெனடிக் கோட்தான்னு படிச்சேன். கோடான் 64 இருக்கு, அமினோ அமிலம் 20தான், அப்போ மிச்சம் 44 வேஸ்ட்தானே? அதோட, கோடிக்கணக்கான வருஷமா மாறாத ஒண்ணு எப்படி பரிணாமத்துல வந்ததா இருக்க முடியும்? தற்செயலா, டிசைனா? சுத்தி வளைக்காம ஒரே வார்த்தைல சொல்லுங்க.

பதில்: ஒரே வார்த்தைல சொல்ல மாட்டேன், சொன்னா அது பதிலா இருக்காது, உங்களை ஒரு கட்சில சேர்த்துவிட்ட மாதிரிதான் இருக்கும். நீங்க 'வேஸ்ட்'னு சொன்னதும் தப்பு, 'மாறாத'ன்னு சொன்னதும் தப்பு. ரெண்டையும் சரி பண்ணிட்டா கடைசிக் கேள்வியே வேற மாதிரி ஆயிடும்.

முதல்ல வேஸ்ட். இது உங்களுக்கு மட்டும் தோணினது இல்ல, டிஎன்ஏ அமைப்பைக் கண்டுபிடிச்ச பிரான்சிஸ் கிரிக்குக்கே உறுத்தின விஷயம். டிஎன்ஏவோட நகலான ஆர்என்ஏல எழுத்து நாலுதான்: ஏ, சி, ஜி, யு. புரோட்டீன்ங்கிறது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை, எந்த அமிலத்தைக் கோக்கணும்னு சொல்ற எழுத்துக் கூட்டம்தான் கோடான், நான் அதைச் 'சொல்'லுங்கிறேன். எந்தச் சொல்லுக்கு எந்த அமிலம்ங்கிற அட்டவணைதான் ஜெனடிக் கோட். ரெண்டு ரெண்டா சேர்த்தா 16 சொல்லுதான் வரும், 20 அமிலத்துக்குப் பத்தாது, மூணு மூணா சேர்த்தா 64, அது ரொம்ப அதிகம். அதனால 1957ல அவரும் கிரிஃபித்தும் ஆர்கெல்லும் ஒரு கணக்கு போட்டாங்க. நடுவுல கமாவே இல்லாம எழுதினாலும் எங்க வெட்டிப் படிக்கணும்னு குழப்பம் வரக்கூடாது, அதான் கண்டிஷன். அப்போ யுயுயு மாதிரி ஒரே எழுத்து மூணு தடவை வர்ற 4 சொல்லும் கிடையாது, மிச்சம் 60ல ஒரே எழுத்துகள் சுழற்சியா இடம் மாறி வர்ற (ஏசிஜி, சிஜிஏ, ஜிஏசி மாதிரி) மூணு மூணு சொல்லுல ஒண்ணைத்தான் வச்சுக்க முடியும், ஆக கரெக்டா 20! முதல் தடவை இதைப் படிச்சப்போ இவ்வளவு அழகான ஒண்ணு பொய்யா இருக்கவே கூடாதுன்னு எனக்கு மனசு அடிச்சுக்கிச்சு.

ஆனா பொய்தான். 1961ல அமெரிக்காவுல நிரன்பெர்க்கும் மத்தேயும் பாக்டீரியாவை அரைச்சு எடுத்த சாறுல வெறும் யு எழுத்தாவே நீண்டுக்கிட்டு போற ஒரு செயற்கை ஆர்என்ஏவைப் போட்டாங்க, ஃபினைல்அலனின்ங்கிற ஒரே அமிலம் வரிசையா கோத்துக்கிட்டே வந்துச்சு. எந்தச் சொல்லுக்கு அர்த்தமே இருக்காதுன்னு கிரிக் கணக்கு சொல்லுச்சோ அதுதான் உலகத்துக்கு முதல்ல அர்த்தம் தெரிஞ்ச சொல். 1966க்குள்ள ஹர் கோவிந்த் கொரானா உள்பட பல பேர் உழைச்சதுல 64க்கும் அர்த்தம் தெரிஞ்சு போச்சு. 61 சொல் ஏதாவது ஒரு அமிலத்தைக் குறிக்குது, 3 சொல் 'நிறுத்து'ன்னு சொல்லுது, சும்மா கிடக்கிறது ஒண்ணுகூட இல்ல.

அந்த அதிகப்படி சொல்லுகதான் நம்ம கவசம். சியுயு, சியுசி, சியுஏ, சியுஜி நாலுமே லியூசின், மூணாவது எழுத்துல மியூட்டேஷன் வந்தாலும் புரோட்டீன்ல அதே அமிலம்தான் உக்காரும். நடு எழுத்து யுவா இருந்தா வர்ற அமிலம் எல்லாமே தண்ணியை ஒதுக்குற ரகம், அதனால முதல் எழுத்து மாறினாலும் பெரும்பாலும் அதே ரகத்துல இன்னொண்ணுதான் வரும், புரோட்டீன் ஒரேயடியா குலைஞ்சு போகாது. 1998ல ஃப்ரீலேண்டும் ஹர்ஸ்ட்டும் கம்ப்யூட்டர்ல 10 லட்சம் அட்டவணையைக் குருட்டாம்போக்குல உண்டாக்கிப் பார்த்தாங்க, தப்பைத் தாங்குற விஷயத்துல நம்ம அட்டவணையை ஜெயிச்சது ஒண்ணே ஒண்ணு.

உடனே 'பாத்தீங்களா டிசைன்'னு கிளம்பாதீங்க. அட்டவணைல ஜி-ல ஆரம்பிக்கிற 16 சொல்லையும் பாருங்க. அலனின், கிளைசின், வேலின், ஆஸ்பார்ட்டிக், குளூட்டாமிக், இந்த அஞ்சுக்குத்தான் மொத்தமும் போயிருக்கு. அலனினும் கிளைசினும் 1953ல ஸ்டான்லி மில்லர் வெறும் வாயுக்கள்ல மின்பொறி பாய்ச்சினப்போவே வந்த அமிலங்க, வேலினும் குளூட்டாமிக்கும் 1969ல ஆஸ்திரேலியாவுல விழுந்த மர்ச்சிசன் விண்கல்லுலயே இருந்துச்சு. அதாவது உயிர் வர்றதுக்கு முன்னாடியே சும்மா கிடைக்கக்கூடிய சரக்கு. செல் ரொம்பக் கஷ்டப்பட்டு செய்யவேண்டிய டிரிப்டோஃபேனுக்கோ ஒரே ஒரு சொல்தான், யுஜிஜி. அதனாலதான் கோட் முதல்ல கொஞ்சம் அமிலத்தோட ஆரம்பிச்சு, புதுசா வந்தது ஒவ்வொண்ணும் தன்னை ஒத்த பழசோட சொல்லுல பங்கு வாங்கிக்கிட்டு வந்திருக்கும்னு பல பேர் நினைக்கிறாங்க. அப்படி வளர்ந்திருந்தாலும் பக்கத்துப் பக்கத்துல ஒரே ரக அமிலம்தான் உக்காந்திருக்கும். இது இன்னும் முடிஞ்ச வழக்கு இல்ல, ஆனா வளர்ந்த தடயம் அட்டவணைலயே இருக்கு.

இப்போ 'மாறாத'ங்கிறதுக்கு வர்றேன். இதை எழுதுற என் உடம்புலயும் படிக்கிற உங்க உடம்புலயும் ரெண்டு கோட் ஓடுது. செல்லோட நியூக்ளியஸ்ல இருக்கிற ஜீன்களுக்கு யுஜிஏன்னா 'நிறுத்து', அதே செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற, தனக்குன்னு கொஞ்சம் ஜீன் வச்சிருக்கிற மைட்டோகாண்ட்ரியாவுல யுஜிஏன்னா டிரிப்டோஃபேன், 1979லயே கண்டுபிடிச்சாச்சு. பாரமீசியம்ங்கிற ஒரு செல் உயிரி ரெண்டு 'நிறுத்து' சொல்லை குளூட்டமின்ங்கிற அமிலத்துக்கு எடுத்துக்கிச்சு, கேண்டிடா ஈஸ்ட் சிலதுல சியுஜிக்கு லியூசின் போய் செரின். உங்க பாடப் புத்தகம் 'ஏறக்குறைய ஒரே கோட்'னு எழுதியிருக்கணும், அந்த 'ஏறக்குறைய'லதான் பரிணாமமே இருக்கு, அதை விட்டுட்டு எழுதுறவங்க மேல எனக்கு நிஜமாவே கோபம்.

ஏன் இவ்வளவு அபூர்வமா மாறுது? 1968ல கிரிக்கே சொன்ன காரணம்தான்: ஒரு ஜீன்ல எழுத்து மாறினா ஒரு புரோட்டீன்தான் பாதிக்கும், அட்டவணைலயே ஒரு சொல்லோட அர்த்தம் மாறினா அந்தச் சொல் வர்ற அத்தனை புரோட்டீனும் ஒரே நேரத்துல மாறும், அதுல அந்த உயிர் பெரும்பாலும் செத்துப் போகும். 'உறைஞ்சுபோன தற்செயல்'னு அவர் பேர் வச்சது இதுக்குத்தான். நம்ம மைட்டோகாண்ட்ரியாவோ சொந்தமா எழுதுறது 13 புரோட்டீன்தான், அதனால அங்க மாத்துறதுக்கு விலை கம்மி.

அந்த விலை எவ்வளவுன்னு மனுஷனே கொடுத்துப் பார்த்திருக்கான். 2019ல கேம்பிரிட்ஜ்ல ஜேசன் சின் குழு ஈ.கோலை பாக்டீரியாவோட ஜீனோம் முழுசையும் புதுசா எழுதி 3 கோடானை அடியோட எடுத்துட்டாங்க, அதுக்கு 18,214 இடத்துல கை வைக்கவேண்டி வந்துச்சு. அந்த பாக்டீரியா கொஞ்சம் மெதுவாதான் வளருது, ஆனா 61 சொல்லை வச்சே உயிரோட இருக்கு.