மன்னாவும் கீழ்ப்படிதலும்: யாத்திராகமம் 16 குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் தந்த உணவான மன்னாவைத் தலைக்கு ஒரு ஓமர் சேர்க்கச் சொன்னாரே, ஒரு ஓமர் என்றால் நம் கணக்கில் எவ்வளவு? அதிகம் சேர்த்தவனுக்கு மீதியில்லை என்கிறதே, எப்படி?

பதில்: எப்பா என்னும் பழைய தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு ஓமர் (16:36). ஏறத்தாழ 2 லிட்டர். இன்னும் கூடுதலாகக் கணக்கிடுவோரும் உண்டு. தலைக்கு ஒரு ஓமர் என்பதால், கூடாரத்தில் ஆறு பேர் இருந்தால் 12 லிட்டர். சேர்க்கும்போது கூடக் குறைய இருந்தது. ஓமரால் அளந்தபோதுதான் சரியாக வந்தது (16:18). பவுல் இந்த வசனத்தை 2 கொரிந்தியர் 8:15-இல் எடுத்து, இல்லாத சபைக்கு இருக்கிற சபை கொடுக்க வேண்டும் என்கிறார்.

கேள்வி: மீதி வைத்த மன்னா பூச்சிபிடித்து நாறியது. அப்படியானால் விசுவாசி வங்கியில் பணம் சேர்ப்பது அவிசுவாசமா? எங்கள் சபையில் அப்படித்தான் போதிக்கிறார்கள்.

பதில்: இல்லை சகோதரி. 20-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுவதால் வரும் போதனை இது. 24-ஆம் வசனத்தையும் 33-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். வாரநாளில் விடியும்வரை வைத்தது நாறியது. ஏழாம் நாள் ஓய்வுநாள் என்பதால் ஆறாம் நாளில் தலைக்கு இரண்டு ஓமர் சேர்த்து, சுடவேண்டியதைச் சுட்டு, வேவிக்கவேண்டியதை வேவித்து வைத்தது மறுநாளும் நாறவில்லை. கலசத்தில் போட்ட ஒரு ஓமரோ தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டது. மூன்றும் ஒரே மன்னாதான், ஒரே வெயில்தான். ஒவ்வொன்றுக்கும் கர்த்தர் சொன்ன வார்த்தைதான் வேறு. செவ்வாய்க்கிழமை மீதி வைத்தவன் கீழ்ப்படியவில்லை. வெள்ளிக்கிழமை மீதி வைக்காதவனும் கீழ்ப்படியவில்லை. ஏழாம் நாளில் கூடையோடு போனவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை (16:27). "நேற்று இப்படித்தான் செய்தோம்" என்று பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் அங்கேதான் சறுக்கும். சேமிப்பைக் கண்டிக்க இந்த அதிகாரத்தைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: கர்த்தரை நம்பினால் சும்மா இருந்தால் போதுமா?

பதில்: மன்னா பாளயத்தைச் சுற்றிப் பனியோடு விழுந்தது, வாயில் விழவில்லை. வெயில் ஏறினால் உருகிவிடும், ஆகவே காலையிலேயே போய்ப் பொறுக்க வேண்டும். பிறகு ஏந்திரத்தில் அரைத்து அல்லது உரலில் இடித்து, சட்டியில் சமைத்து, அப்பமாகச் சுட வேண்டும் (எண்ணாகமம் 11:8). தருவது அவர் வேலை, குனிந்து எடுப்பது நம் வேலை.

கேள்வி: சீனாய்ப் பகுதியில் ஒரு செடியில் பூச்சி சுரக்கும் இனிப்புப் பிசின்தான் மன்னா என்கிறார்களே?

பதில்: தமரிஸ்கு செடியில் அப்படி ஒன்று உண்டு. ஆனால் அது கோடையில் சில வாரங்கள், கொஞ்சமே கிடைக்கும். வேதம் சொல்வது 40 வருஷம், ஆறாம் நாளில் இரட்டிப்பு, ஏழாம் நாளில் இல்லை.

கேள்வி: வாலிபர் கூடுகைக்கு இதை எந்த வரிசையில் எடுக்கலாம், பாஸ்டர்?

பதில்: முதலில் யாத்திராகமம் 16 முழுவதும். அடுத்து உபாகமம் 8:2-3. பசியை அனுமதித்த காரணம் அங்கேதான் இருக்கிறது. அதன் பிறகே மத்தேயு 4:1-4. பலரும் மத்தேயுவில் ஆரம்பித்துவிடுகிறார்கள். இயேசு சொல்வது உபாகம வசனம் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகிறது. கல்லை அப்பமாக்கும்படி அங்கே சொன்னவன் பிசாசு. அப்பம் உண்டாக்குவது பாவமல்ல, பின்னால் ஐயாயிரம் பேருக்கு அவரே கொடுத்தார். யாருடைய சொல் கேட்டு என்பதே அங்கே கேள்வி.

ஆளுக்குக் கொஞ்சம் கொத்தமல்லி விதையை உள்ளங்கையில் கொடுங்கள், மன்னாவின் உருவம் அது (16:31). 2 லிட்டர் பாத்திரம் ஒன்றையும் முன்னால் வையுங்கள். அத்தனை சிறியதைக் குனிந்து பொறுக்கி அதை நிரப்ப எவ்வளவு நேரமாகும் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியில் யோசுவா 5:10-12. இஸ்ரவேலர் கானான் தேசத்துக்குள் வந்து, கில்கால் என்ற இடத்தில் பஸ்கா பண்டிகை முடிந்து, அத்தேசத்தின் தானியத்தைச் சாப்பிட்ட மறுநாளே மன்னா நின்றது. அன்றுமுதல் அதே ஜனம் உழவும் விதைக்கவும் வேண்டியிருந்தது. அந்த மூன்று வசனங்களுக்கு மட்டும் பத்து நிமிடம் தனியாக ஒதுக்குங்கள்.