புது பூட்ஸ் போட்டாலே குதிகாலில் கொப்புளம் வருகிறது. ராணுவப் பயிற்சிக்குப் போகும் முன் காலை எப்படித் தயார் செய்வது?

கேட்டவர் எழுதியிருப்பது: ஊர் நாகர்கோவில் பக்கம். அக்னிவீராகத் தேர்வாகிவிட்டார், ஆறு வாரத்தில் பயிற்சி மையத்தில் சேர வேண்டும். பூட்ஸ் மாட்டி மூன்று கிலோமீட்டர் போனாலே குதிகால் கொப்புளிக்கிறது. தேங்காயெண்ணெய் தடவியும் பலனில்லை. கொப்புளத்தை உடைக்கலாமா, அங்கே போய் சிக் ரிப்போர்ட் (உடம்பு முடியவில்லை என்று மருத்துவரிடம் காட்டுவது) போட்டால் தன் பேட்சை விட்டு அடுத்த பேட்சுக்குத் தள்ளிவிடுவார்களா என்பது அவர் கவலை.

தேங்காயெண்ணெயிலிருந்தே தொடங்கலாம். ஓடுவதற்கு முன் தடவினால் முதலில் கொஞ்ச நேரம் வழவழவென்று நன்றாகத்தான் இருக்கும். பிறகு எண்ணெயை சாக்ஸ் குடித்துவிடும், தோல் ஊறி மெத்தென்று ஆகிவிடும். அதன்பின் பிடிப்பு முன்னைவிடக் கூடும். வாசலினும் இப்படித்தான், முதலில் வழுக்கும், சில மணி நேரம் கழித்து எதிராகத் திரும்பும். குதிகால் வெடிப்புக்கு இரவில் படுக்கும்போது தடவுங்கள், அதற்கு எண்ணெய் நல்லது. காலையில் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்த பிறகே சாக்ஸ்.

கொப்புளம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தோலின் மேலே தேய்ந்தால் வருவது சிராய்ப்பு. கொப்புளம் உள்ளே கிழிவது. ஒரு கையின் புறங்கையில் மறு கையின் விரலை அழுத்தி, வழுக்க விடாமல் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். மேல்தோல் விரலோடு வரும், எலும்பு அங்கேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இழுவை இருக்கிறது அல்லவா, அதுதான் காரணம். பூட்ஸுக்குள் சாக்ஸ் தோலைப் பிடித்துக்கொள்ள, குதிகால் எலும்பு ஒவ்வோர் அடிக்கும் ஏறி இறங்குகிறது. பத்து கிலோமீட்டர் நடைக்கு ஏறத்தாழ 13,000 அடி, ஒரு காலுக்கு 6,500 தடவை. மேல்தோலின் அடுக்குகள் ஒருகட்டத்தில் பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோர்க்கிறது.

இதில் ஈரத்தின் பங்கு பெரியது. தாள் புரட்ட விரலை எச்சில் தொடுகிறோமே, எதற்கு? லேசான ஈரம் பிடிப்பைக் கூட்டும். வியர்த்த கால் சாக்ஸை அப்படித்தான் பிடிக்கும். ஆகவே எண்ணெய், பவுடர் என்று எதைத் தடவலாம் என்று தேடுவதைவிட, கால் நனையாமலும் இழுபடாமலும் இருக்க வழி பார்ப்பதே காரியம். பவுடர் வியர்வையோடு சேர்ந்து விரலிடுக்கில் பசையாகிக் கட்டிக்கொள்ளும். போட்டே ஆக வேண்டும் என்றால் தூவி, கையால் தட்டிவிட்டு, மிஞ்சியதே போதும்.

நம் மாவட்டத்துக் கால்களுக்குத் தனியாக ஒன்று உண்டு. செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்தவர்களுக்கு முன்பாதம் அகன்று, சுண்டுவிரல் வெளியே தள்ளி நிற்கும். நல்ல கால்தான், ஆனால் பூட்ஸின் முன்பகுதி அதற்கு இடம் தராது. அகலம் போதவில்லை என்று நீளத்தில் ஒரு சைஸ் கூட்டி வாங்குகிறார்கள். சுண்டுவிரல் தப்பிக்கும், குதிகால் உள்ளே ஆடத் தொடங்கும். உங்களுக்கும் நடந்தது இதுவாக இருக்கலாம். இன்னொன்று, சங்குத்துறையிலும் சொத்தவிளையிலும் கடல் மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் “என் கால் நல்ல கெட்டி” என்பார்கள். கெட்டிப்பட்டது உள்ளங்கால். பூட்ஸ் கடிப்பதோ குதிகாலின் பின்புறமும் விரல்களின் மேற்புறமும். மணல் அங்கே எதையும் கெட்டிப்படுத்தவில்லை. (மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் உச்சிவெயிலில் ஓடவே ஓடாதீர்கள், அங்கே வருவது சூட்டுக் கொப்புளம், அது வேறு கதை.)

பூட்ஸை மாலையில் போட்டுப் பாருங்கள், பகலெல்லாம் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். மாட்டப்போகும் இரண்டு சாக்ஸையும் போட்டுக்கொண்டு நிற்கும்போது, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம், அதாவது ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இடம் வேண்டும். குதிகாலைத் தூக்கினால் பூட்ஸும் கூடவே எழ வேண்டும். லேஸ் கட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கட்டும் முன் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னுக்குத் தள்ளுங்கள். விரல் பக்கம் தளர்வாக, பாதம் கணுக்காலோடு மடங்கும் இடத்தில் இறுக்கமாக. அந்த மடிப்பில் லேஸை ஒன்றோடொன்று இரண்டு சுற்று முறுக்கி இழுத்தால் கீழே ஒரு இறுக்கம், மேலே ஒரு இறுக்கம் என்று தனித்தனியாக நிற்கும், குதிகால் ஆடாது. கூடவே இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடித்து நகம் கறுப்பதும் குறையும்.

சாக்ஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், நடைக்கு அது ஆகாது. உள்ளே மெல்லிய நைலான் அல்லது பாலியஸ்டர், மேலே மொத்தமான உல்லன் அல்லது கலப்பு நூல், இந்த இரட்டை ஏற்பாடு படைகளில் சோதித்துப் பார்த்துத் தேறியது. அமெரிக்க மரைன் பயிற்சிப் படையிலேயே பயன் தெரிந்தது. இழுவை தோலில் விழாமல் இரண்டு சாக்ஸுக்கும் நடுவில் போய்விடுகிறது. உள் சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் தையல் விரலை அறுக்காது. ஓட்டை தைத்த சாக்ஸ் நடைக்கு உதவாது, ஒட்டுப்போட்ட மேடே கொப்புளம் ஆக்கும். உள் சாக்ஸ் நான்கு ஜோடி, மேல் சாக்ஸ் ஆறு ஜோடி கொண்டு போங்கள். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் என்றால் நீலகிரிக் குளிரில் துவைத்தது காய நாளாகும். ஒடிசாவில் கடற்படையின் சில்கா என்றால் கசகசப்பு. இரண்டு இடத்திலும் எண்ணிக்கைதான் கை கொடுக்கும்.

கையில் இருக்கும் ஆறு வாரத்தை இப்படிச் செலவழிக்கலாம். முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே தினமும் ஒரு மணி நேரம் பூட்ஸ், நடை வேண்டாம். இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு கிலோமீட்டர் நடை. மூன்றாவதில் ஐந்து கிலோமீட்டர். நான்காவதில் அதே தூரம், முதுகுப்பையில் ஐந்து கிலோ. ஐந்தாவதில் எட்டு கிலோமீட்டர், எட்டு கிலோ. கடைசி வாரம் மூன்று கிலோமீட்டர் இரண்டு தடவை மட்டும், புறப்படும் முன் மூன்று நாள் பூட்ஸைத் தொட வேண்டாம். பூட்ஸில் ஓடாதீர்கள், ஓட்டத்துக்கு ஓடும் ஷூ போதும். அங்கே வேறு பூட்ஸ் கொடுப்பார்களே, இது எதற்கு என்றால், தோல் சிறு சிறு உரசலுக்குப் பழகித் தடிக்க வாரக்கணக்கு ஆகும். பூட்ஸ் மாறினாலும் அந்தத் தோல் உங்களோடு வரும். நடுவில் ஒருநாள் கொப்புளம் வந்துவிட்டால் ஆறும்வரை பழகிய காலணிக்குத் திரும்புங்கள். புண்ணின் மேல் பழகினால் பழக்கம் ஏறாது, புண்தான் பெரிதாகும். மழையில் நனைந்த பூட்ஸில் செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணிக்கொரு தடவை மாற்றி, நிழலில் காய வையுங்கள். அடுப்போரமும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகையறையும் தோலை விறைக்க வைத்து வெடிக்கச் செய்யும்.

வியர்வை அதிகம் கொட்டும் காலுக்கு 20% அலுமினியம் குளோரைடு கரைசல் உண்டு. அமெரிக்க ராணுவக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்து 1998-ல் வெளியான ஆய்வில், நடைக்கு முன் குறைந்தது மூன்று இரவு தடவியவர்களில் நூற்றுக்கு 21 பேருக்குத்தான் கொப்புளம், மருந்தில்லாத வெறும் கரைசல் தடவியவர்களில் நூற்றுக்கு 48 பேருக்கு. நடந்த தூரம் 21 கிலோமீட்டர். ஆனால் தடவியவர்களில் பாதிக்கு மேல் தோல் எரிச்சல். அதனால் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். ஊரில் இருக்கும்போதே தோல் மருத்துவரிடம் கேட்டுத் தடவிப் பாருங்கள், அங்கே போய்ப் பரிசோதனை வேண்டாம்.

எப்போதும் கொப்புளிக்கும் இடம் உங்களுக்கே தெரியும். நடைக்கு முன் அங்கே ஒரு அங்குல மைக்ரோபோர் காகித டேப். கால் உலர்ந்திருக்க வேண்டும், டேப்பின் நான்கு மூலைகளையும் வட்டமாக வெட்ட வேண்டும், சுருக்கம் கூடாது. ஒரு சுருக்கம் இருந்தாலும் அதுவே அடுத்த கொப்புளம். விரலை முழுச் சுற்றாக இறுக்காதீர்கள். ஜிங்க் ஆக்சைடு பிளாஸ்டர் இன்னும் கெட்டியாக ஒட்டும், ஆனால் உரிக்கும்போது தோலோடு வரும். அதைக் கழற்றுகையில் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, தோலோடு ஒட்டினாற்போல் மெல்ல மடக்கி உரியுங்கள்.

பயிற்சியில் ரூட் மார்ச் (சுமையோடு போகும் நெடுநடை) என்றால் ஐம்பது நிமிடம் நடை, பத்து நிமிடம் ஓய்வு என்பது வழக்கம். கொப்புளம் திடீரென்று வருவதில்லை. வெகுநேரம் முன்பே ஓரிடம் சூடேறி, சுள்ளென்று எரியும். அந்தச் சூட்டுப் புள்ளியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதை வீரம் என்று நினைத்தால், மாலையில் எம்.ஐ. ரூம் (பயிற்சி மையத்தின் மருத்துவப் பரிசோதனை அறை) வாசலில் வரிசையில் நிற்க வேண்டிவரும். அடுத்த ஓய்வில் தண்ணீர் குடிக்கும் முன் பூட்ஸைக் கழற்றுங்கள். காலைத் துடைத்து, டேப் ஒட்டி, உள் சாக்ஸை மாற்றி, மணல் தட்டி, லேஸை மறுபடி கட்ட ஐந்து நிமிடம் போதும். ஈர சாக்ஸைப் பிட்டுவின் (முதுகுப்பை) வெளியே செருகினால் நடக்க நடக்கக் காயும். வரிசை நகரும்போது எரிய ஆரம்பித்தால் உஸ்தாதிடம் (பயிற்சி கொடுப்பவர்) சொல்லிவிடுங்கள், ஒளிக்க வேண்டாம்.

வந்த பிறகு உடைப்பதா, விடுவதா? பட்டாணி அளவு, வலி இல்லை என்றால் தொடாதீர்கள். பருத்து, அடி வைக்க முடியவில்லை, எப்படியும் தானே உடையும் என்றால் உடைக்கலாம். நீர் கோர்க்காமல் இரத்தம் கோர்த்திருந்தாலும், சர்க்கரை நோய் உள்ளவர் என்றாலும் கையை வைக்க வேண்டாம், மருத்துவர் பார்க்கட்டும். உடைக்கும் முறை: கையையும் காலையும் சோப்பால் கழுவி, போவிடோன் அயோடின் தடவி ஒரு நிமிடம் விட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் கிருமி நீக்கிய புது ஊசியால் கொப்புளத்தின் விளிம்பில், தரைப்பக்கமாக இரண்டு மூன்று துளை. தீக்குச்சியில் காட்டிய தையல் ஊசி வேண்டாம், கரி உள்ளே போகும். பஞ்சால் அழுத்தி வெளியேற்றிவிட்டு மேல்தோலை அப்படியே ஒட்ட விடுங்கள். அந்தத் தோலை உரித்துவிடுவதுதான் நம்மூரில் அதிகம் நடக்கும் தப்பு. அதைவிட நல்ல கட்டு எந்தக் கடையிலும் இல்லை. முதல் 24 மணி நேரத்தில் நீர் மறுபடி கோர்க்கும், அப்போதும் இரண்டு தடவை வடியுங்கள். மேலே களிம்பு, ஒட்டாத காஸ், அதற்கு மேல்தான் டேப். கொப்புளத்தின் மேலே நேராக டேப் ஒட்டினால் கழற்றும்போது மேல்தோலும் போய்விடும். அடியில் புதிய மேல்தோல் மூடக் கிட்டத்தட்ட ஐந்து நாள் எடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. நடுவில் ஓட்டை உள்ள வட்டப் பஞ்சு என்று நினைத்து, கால் ஆணிக்கு விற்கும் பிளாஸ்டரைக் கொப்புளத்தில் ஒட்டுகிறார்கள். அதில் சாலிசிலிக் அமிலம் இருக்கும், தோலைக் கரைப்பதே அதன் வேலை. வெறும் ஃபெல்ட் அல்லது ஃபோம் துண்டில் கொப்புளத்தைவிடச் சற்றுப் பெரிய ஓட்டை வெட்டி நீங்களே செய்துகொள்ளலாம்.

விரலிடுக்கில் வெளுத்து ஊறி அரிப்பது சேற்றுப்புண். நம் மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம் என்பதால் பலருக்கு இது பழக்கமான விருந்தாளி, பூட்ஸுக்குள் அது இன்னும் வேகமெடுக்கும். க்ளோட்ரிமசோல் 1% களிம்பு ஒரு நாளைக்கு இரண்டு தடவை, அரிப்பு நின்ற பிறகும் இரண்டு வாரம். வாங்கும்போது குழாயின் பின்புறம் படியுங்கள். பீட்டாமெதாசோன், க்ளோபீட்டசோல் என்று கலந்திருந்தால் வேண்டாம், அவை ஸ்டீராய்டு. இரண்டு நாளில் அரிப்பை அடக்கிவிட்டு பூஞ்சையை வளர்த்துவிடும். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரங்களைத் தோண்டாதீர்கள். நடைக்கு இரண்டு நாள் முன்பே வெட்டிவிட வேண்டும்.

திறந்த புண்ணோடு வயல் வெள்ளத்திலும் ஓடையிலும் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாகவே உடம்புக்குள் போகும்.

சிக் ரிப்போர்ட் பற்றி. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறது, தொட்டால் சுடுகிறது, சீழ் வடிகிறது, சிவந்த கோடு கால் ஏறுகிறது, காய்ச்சல் அடிக்கிறது, தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே எம்.ஐ. ரூம். ஆரம்பத்தில் போனால் பெரும்பாலும் மருந்தும் சில நாள் லைட் டியூட்டியும் (இலேசான வேலை) தான் கிடைக்கும். அதற்காகப் பொதுவாக யாரையும் ரெலிகேட் செய்ய (அடுத்த பேட்சுக்குத் தள்ள) மாட்டார்கள். பேட்சைத் தவறவிடுவது நீண்ட நாள் பயிற்சி தவறியவர்கள். ஒளித்து வைத்து, கால் வீங்கி, ஆஸ்பத்திரியில் படுத்தவர் அந்தப் பட்டியலில் வருவார்.