ஹீட்டர் போட்டால் கரண்ட் போகிறதா? கேள்வி பதில்

கேள்வி (கல்லடி): அண்ணன், குளியலறை ஹீட்டரைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கக் கரண்ட் போகிறது. பிரேக்கரை மாற்றினால் சரிவருமா?

பதில்: விழுந்தது எது என்று முதலில் பாருங்கள் தங்கச்சி. 'டெஸ்ட்' பொத்தான் உள்ளது ட்ரிப் சுவிட்ச். கரண்ட் எங்கேயாவது கசிந்தால் அது விழும். வீடுகளில் பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் கசிவுக்குள் விழுகிற மாதிரிதான் இருக்கும். பக்கத்தில் வரிசையாக இருக்கும் சின்ன பிரேக்கர்கள் லோட் கூடினாலோ ஷோர்ட் ஆனாலோதான் விழும். வீடு முழுக்கப் போவதென்றால் அநேகமாக ட்ரிப் சுவிட்ச்தான். அதில் பெரும்பாலும் பழுது இருக்காது. எனக்குச் சந்தேகம் எலிமென்ட் மேல், அதாவது தண்ணீரைச் சூடாக்கும் கம்பி மேல். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் எலிமென்டின் உறை அரித்து மயிரிழை வெடிப்பு விழும். சூடேற ஏறக் கசிவும் கூடும். அதனால்தான் போட்டவுடன் விழாமல் சற்றுப் பொறுத்து விழுகிறது. சாதாரண மீட்டர் இதைப் பிடிக்காமல் விடலாம். எலக்ட்ரிசியனிடம் 500 வோல்ட் மெகர் (கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் எலிமென்டை மாற்றுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): ஹீட்டர் சுவிட்ச் ஓஃப்பில் இருக்கும்போதும் விழுகிறதே?

பதில்: அநேகமாக நியூட்ரல் எங்கேயோ ஏர்த்தில் தொடுகிறது. ஒற்றை சுவிட்ச் லைவை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் இணைந்தபடியே கிடக்கும். எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு ட்ரிப் சுவிட்சைத் தூக்குங்கள். நின்றால் ஒவ்வொன்றாகச் செருகுங்கள், எதில் விழுகிறதோ அதுதான் ஆள். பிளக் இல்லாத ஹீட்டர் என்றால் எலக்ட்ரிசியன் இரண்டு வயரையும் கழற்றிப் பார்க்க வேண்டும். அப்புறம் குளியலறைக்கு லைவ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் இரட்டை முனை சுவிட்ச் போட்டுவிடுங்கள்.

கேள்வி (களுவாஞ்சிகுடி): மார்கழி மழைக்கு மட்டும் விழுகிறது. ஹீட்டரைக் கழற்றட்டுமா?

பதில்: பாவம், அதை விடுங்கள். வெளி லைட், கிணற்று மோட்டர் பெட்டி இரண்டையும் மெயினை ஓஃப் பண்ணிவிட்டுத் திறந்து பாருங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் செம்பு வயரின் முனையில் பச்சையாகப் பூத்திருக்கும். சில பெட்டிக்குள் பல்லி கருகிக் கிடப்பதும் உண்டு.

கேள்வி (கல்முனை): 5000 வோட் இன்ஸ்டன்ட் ஷவர். 16 அம்பியர் பிரேக்கர் அடிக்கடி விழுகிறது. 32 போடலாமா?

பதில்: 5000ஐ 230ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 22 அம்பியர். 16 விழாமல் என்ன செய்யும்? ஆனால் பிரேக்கர் காப்பது வயரை. சுவருக்குள் ஓடுவது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால், 32 போட்டபிறகு சூடேறி உருகப்போவது அந்த வயர்தான். போர்டிலிருந்து ஷவருக்கென்று தனியாகத் தடித்த வயர் இழுத்து, அதற்கு ஏற்ற பிரேக்கர் போடுங்கள்.

கேள்வி (ஏறாவூர்): ட்ரிப் சுவிட்சைத் தாண்டி டிரெக்டாகக் கொடுத்தால்?

பதில்: கசிவு அப்படியே இருக்கும், வெட்ட ஒன்றும் இருக்காது. ஏர்த்தும் சரியில்லாவிட்டால் ஷவருக்குக் கீழே நனைந்து நிற்பவர் வழியாகத்தான் கரண்ட் இறங்கும். செய்யவே வேண்டாம்.