பழைய 6பிடி இன்ஜின்: காலையில் பிடிக்கவில்லை, இழுவை இல்லை என்றால் இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி இது: 1990-களின் கடைசியில் வந்த டாடா லாரி, கம்மின்ஸ் 6பிடி இன்ஜின். காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது, வெள்ளைப் புகை வருகிறது, மேட்டில் இழுக்கவில்லை. இன்ஜினை இறக்கிப் பிரிக்கச் சொல்கிறார் மெக்கானிக்.

இப்போதைக்கு இறக்காதீர்கள். 6பிடி 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 102 மி.மீ. போர், 120 மி.மீ. ஸ்ட்ரோக். இதில் லைனர் (சிலிண்டருக்குள் செருகும், மாற்றக்கூடிய குழாய்) கிடையாது, பிஸ்டன் நேராகப் பிளாக்கிலேயே ஓடுகிறது. லைனர் இன்ஜின் என்றால் செட் மாற்றிக் கதையை முடித்துவிடலாம். இதைத் திறந்தால் லேத்துக்குக் கொண்டுபோய் ரீபோர் செய்து (சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து), 0.50 அல்லது 1.00 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அவ்வளவு செலவு செய்யும் முன் டீசல் லைனைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைக்கும் முதல் சந்தேகம் ஏர் பிடிப்பதுதான்.

டேங்கிலிருந்து ஃபீட் பம்பு (டேங்க் டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்பு) வரை உள்ள பைப் உறிஞ்சும் பக்கம். அதில் ஓட்டை இருந்தால் இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் "எங்கேயும் லீக் இல்லையே" என்று எல்லோரும் ஏமாறுகிறார்கள். இரவில் வண்டி நிற்கும்போது லைனில் இருக்கும் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் நாசிலுக்கு டீசலை அழுத்தும் பெரிய பம்புக்குக் கிடைப்பது பாதி காற்று.

அந்தப் பெரிய பம்பிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் ஓர் அடி நீளத்துக்குக் கண்ணாடி போலத் தெரியும் டியூபைச் சொருகி, இன்ஜினை ஓட விடுங்கள். முதல் ஓரிரு நிமிடம் குமிழ் வருவது இயல்பு. அதற்குப் பிறகும் சோடா போல நுரைத்துக்கொண்டே இருந்தால் ஏர் பிடிக்கிறது. அடுத்து, 5 லிட்டர் கேன் ஒன்றில் சுத்தமான டீசல் ஊற்றி, இன்ஜினுக்கு மேலே கட்டி, அதிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு ஹோஸ் கொடுங்கள். குமிழ் நின்று இழுவை வந்துவிட்டால் கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருக்கிறது: வெடித்த ரப்பர் ஹோஸ், பான்ஜோ போல்ட்டின் (பைப் முனையைப் பிடிக்கும் துளையுள்ள போல்ட்) நசுங்கிய செப்பு வாஷர், அல்லது டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் கீறல். பழைய வாஷரைத் திருப்பிப் போட்டு இறுக்குவதெல்லாம் ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும். ஹோஸையும் வாஷரையும் மொத்தமாக மாற்றிவிட்டு, கை பம்பு அடித்து ஏர் எடுங்கள்.

இந்தியா முழுக்க 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 டீசல்தான், கந்தகம் 10 பிபிஎம். இந்த டீசலில், பம்பில் பல வருடத்துப் பழைய ரப்பர் ஓ-ரிங்குகளே இன்னும் இருந்தால் அவை சுருங்கிக் கசிய வாய்ப்புண்டு. பம்பு-நாசில் கடையில் கொடுக்கும்போது விட்டான் (டீசலைத் தாங்கும் ரப்பர் வகை) சீல் போடச் சொல்லுங்கள்.

கேனில் ஓட்டியும் சரியாகவில்லையா? ஐடிலில் வைத்து, நாசில் பக்கம் உள்ள பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக, துணி சுற்றித் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. (பழைய இன்லைன் பம்புக்கு மட்டும்தான் இந்த வித்தை. மிக அதிக அழுத்தத்தில் டீசல் நிற்கும் காமன் ரயில் வண்டியில் செய்தால் கையே போய்விடும்.) நாசிலை மாற்றும்போது பழைய செப்பு வாஷர் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் மேலே புதியதைப் போட்டால் நாசில் முனை உயர்ந்து நின்று, புகை இன்னும் கூடும்.

டேப்பட்டையும் (வால்வு இடைவெளியை) பாருங்கள், இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். இன்லெட் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் டிடிசியில் (இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) இருக்கும்போது 1, 2, 4 இன்லெட்டும் 1, 3, 5 எக்ஸாஸ்ட்டும் சரிசெய்யுங்கள். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி மீதி ஆறு.

இன்ஜின் உண்மையிலேயே தேய்ந்ததா என்று பார்க்க, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே இடத்தில் கவிழ்த்து வைப்பார்கள். ஐடிலில் லேசாக ஆடினால் பரவாயில்லை, குதித்து விழுந்தால் ரிங் தேய்ந்தது என்பது கணக்கு. ஆனால் ஏர் பிரேக் கம்ப்ரஸர் ரிங் போயிருந்தாலும் அந்தக் காற்று இன்ஜினுக்குள்தான் வரும். ஏர் டேங்கின் அடிவால்வைத் திறந்தால் ஆயில் பீய்ச்சுகிறதா? முதலில் கம்ப்ரஸரைக் கழற்றிப் பாருங்கள்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள். பம்பு எலிமென்ட் தேய்ந்து டீசல் ஆயிலில் கலக்கிறது. அப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும், அப்புறம் இறக்கத்தான் வேண்டும்.

சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் நம் பட்டறைகளில் விடவே மாட்டேன் என்கிறது. இந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் பைபாஸ் வழி மூடும். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும்: குளிரில் சூடேறாது, லோடில் சூடு தணியாது.

எப்போதாவது முன் கவர் கழற்ற நேர்ந்தால் டைமிங் கேஸை (முன்பக்க கியர்களின் கூடு) பிளாக்கோடு பொருத்தும் டவல் பின்னை (இடம் மாறாமல் பிடிக்கும் சின்ன இரும்பு முளை) தேடிப் பாருங்கள். அமெரிக்காவில் டாட்ஜ் பிக்கப்பில் இதே இன்ஜின் வைத்திருப்பவர்கள் அதற்குக் 'கொலைகார பின்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதிர்வில் மெல்ல வெளியே நகரும். அதிர்ஷ்டம் இருந்தால் ஆயில் சம்ப்பில் விழும், இல்லையென்றால் கியருக்கு நடுவில் சிக்கிக் கேஸையே உடைக்கும். பின்னை உள்ளே தட்டிவிட்டு, பக்கத்து போல்ட்டின் அடியில் சின்ன இரும்புத் தகடு வைத்து அதன் வாயை அடைத்து, போல்ட்டுக்கு லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) போட்டு இறுக்கினால் போதும்.