கிணற்றடியில் ஒரு பாடம்

கேள்வி: மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டாள். உயர்தரம் தொடங்கும்வரை ரியூசன் தவிர வேறென்ன படிக்கலாம்?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தையும் பெய்யும் மழையையும் அளக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மாரிமழைதானே எங்கள் குடிதண்ணீர்!

அளவுநாடாவின் நுனியில் ஒரு நட்டைக் கட்டி, கிணற்றுக் கட்டில் குறித்த ஒரே இடத்திலிருந்து, நட்டு தண்ணீரைத் தொடும்வரை இறக்கவேண்டும். நைலோன் கயிறு வேண்டாம், இழுபடும். விடியவே, மோட்டர் போடமுதல் அளக்கவேண்டும். இறைத்தபின் எடுத்த அளவு இறைப்பைத்தான் காட்டும், மழையை அல்ல. கடலோரக் கிணறென்றால் வற்றுப்பெருக்கோடு மட்டமும் ஆடலாம், நேரத்தையும் எழுதட்டும்.

மழையை அளக்க, நேர்ச்சுவருள்ள தகரப்பேணி போதும். மரத்தடியில் வைக்காதீர்கள். 10 மில்லிமீற்றர் என்றால் சதுர மீற்றருக்கு 10 லீற்றர்.

இரண்டு அளவையும் ஒரு வரைபில் குறிக்கட்டும். அதில் பலர் சறுக்குவது இங்கே: கட்டிலிருந்து தண்ணீர்வரையான அளவு குறைந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது. மழை பெய்து எத்தனை நாளில் ஏறுகிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.