கடிக்கும் குட்டி, தாவும் குட்டி: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் லேப்ரடார் குட்டிக்கு 10 வாரம் ஆகிறது. கையைக் கொண்டுபோனாலே கடிக்கிறது. நைட்டி ஓரத்தைக் கவ்விக்கொண்டு தொங்குகிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வீடு முழுக்க ஓடி, எதிர்ப்படுகிற காலையெல்லாம் கடிக்கிறது. மூக்கில் தட்டினோம், வாயை மூடிப் பிடித்தோம். இன்னும் அதிகமாகிறது. முரட்டு நாயாக வளர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, திருச்சி

பதில்: பயப்படாதீர்கள். இந்த வயதுக் குட்டிக்கு வாய்தான் கை. அதன் 28 பால் பற்களும் ஊசி மாதிரி இருப்பதால் சும்மா கவ்வினாலே ரத்தம் வரும். உடம்பைத் தளர விட்டு, வாலை ஆட்டிக்கொண்டு, முன்னங்காலைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு கடித்தால் அது விளையாட்டு. உடம்பு விறைத்து, கண் ஒரே இடத்தில் குத்திட்டு, உதடு சுருங்கி உறுமினால்தான் வேறு விஷயம்.

மூக்கில் தட்டுவதை இன்றோடு விடுங்கள். முகத்தை நோக்கி வேகமாக வரும் கை, பாதிக் குட்டிகளுக்கு ‘வா, சண்டை போடலாம்’ என்கிற அழைப்பு. மீதிக் குட்டிகளுக்கு மனிதக் கை என்றாலே பயம் வந்துவிடும். அவைதான் பின்னால் கழுத்துப்பட்டையைப் பிடிக்கப் போகும்போதும் காது மருந்து விடும்போதும் நிஜமாகக் கடிப்பவை. வாயை மூடிப் பிடிப்பதும் இதே கணக்குதான்.

முதலில் அந்த ஏழு மணிக் கூத்து. அது பெரும்பாலும் தூக்கக் குறைவு. இந்த வயதில் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். நம் வீடுகளில் அது நடப்பதில்லை. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள், டிவி, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஆள் மாற்றி ஆள் எழுப்பிக்கொண்டே இருப்பார்கள். ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் தூக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் நடமாட்டமில்லாத மூலையில் கூண்டோ தடுப்போ வைத்து, பாதியைத் துணியால் மூடி, ஒன்றுக்குப் போக வைத்துவிட்டுப் படுக்க விடுங்கள். ஆறு மணிக்கே ஒரு தூக்கம் போட்டுவிட்டால் ஏழு மணிக் கடி கணிசமாகக் குறையும்.

அடுத்தது விளையாடும் முறை. பழைய துண்டைக் கிழித்து ஒன்றரை அடி நீளத்துக்குப் பின்னி, இரு முனையிலும் முடிச்சுப் போடுங்கள். சின்ன பொம்மையாக இருந்தால் பல் உங்கள் விரலில்தான் விழும். பின்னலைத் தரையோடு இழுத்து ஆட்டுங்கள். முகத்துக்கு நேரே ஆட்டினால் தாவக் கற்றுக்கொடுக்கிறீர்கள். குட்டியிடம் வெறுங்கையோடு உட்காராதீர்கள்.

பல் தோலில் பட்டதா, அந்த நொடியே கையை அசைக்காமல் நிறுத்துங்கள். வெடுக்கென்று இழுத்தால் ஓடுகிற எலியைப் பிடிப்பதுபோல் பாய்ந்து பிடிக்கும். ‘போதும்’ என்று ஒரே முறை, சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு எழுந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். 15, 20 விநாடி போதும். திரும்பி வந்து பின்னலைக் கொடுங்கள். மறுபடி கடித்தால் மறுபடி இதேதான். தொடர்ந்து மூன்றாவது முறையும் கடித்தால் அது பாடத்துக்கான நேரம் இல்லை. தூக்கமோ ஒன்றுக்கோ வந்திருக்கும், படுக்கைக்கு அனுப்புங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அறையில் அடைப்பது சரிவராது. தூக்கும்போதே இன்னும் நாலு கடி விழும். நிமிடக் கணக்கில் ஒதுக்கி வைத்தால் எதற்கென்று அதற்கு மறந்தே போகும்.

நைட்டி, புடவைக் கொசுவம், வேட்டி எல்லாவற்றுக்கும் ஒரே வழி: நடப்பதை நிறுத்துங்கள். துணி அசையாவிட்டால் ஆட்டம் இல்லை. பின்னலைத் தரையில் காட்டுங்கள், வாயை எடுத்ததும் பாராட்டுங்கள். ஓரிரு வாரம் துணியைத் தூக்கிச் செருகிக்கொள்வதில் தவறில்லை.

அதன் அன்றாடத் தீவன அளவிலிருந்தே 30 தீவன மணிகளை (உருண்டைகளை) எடுத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். குட்டி கையை நக்கும்போதும், கடிக்காமல் பக்கத்தில் உட்காரும்போதும் ஒரு மணி. கழுத்துப்பட்டையைத் தொட்டுவிட்டு ஒரு மணி; காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு மணி. இப்படி ஒரு வேளைக்குப் பத்துத் தடவை. பிறகு மூடிய கைக்குள் ஒரு மணியை வைத்துக் காட்டுங்கள். நக்கும், நோண்டும், பல் வைக்கும், விரலைத் திறக்காதீர்கள். சலித்து முகத்தைப் பின்னுக்கு இழுக்கிற கணம் கையை விரித்துக் கொடுங்கள். தானாகவே பின்வாங்கத் தொடங்கிய பிறகு ‘விடு’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாளே சொல்லைச் சொன்னால், கையைக் கடிக்கும்போது கேட்கும் சத்தம் அது என்றுதான் பதியும்.

இது எங்கே தோற்கும் தெரியுமா? வீட்டில் ஒருவர், வழக்கமாக அப்பா, கையாலேயே மல்லுக்கட்டி விளையாடுவார். அவருக்கு வலிக்காது, பிள்ளைகளுக்கு ரத்தம் வரும். இன்னொன்று, முதல் நாலைந்து நாள் கடி கூடலாம். இதுவரை பலித்த வித்தை பலிக்கவில்லையே என்று குட்டி இன்னும் பலமாக முயன்று பார்ப்பதுதான் அது. அந்த நாலு நாளில் விட்டுக்கொடுத்தால், பலமாகக் கடித்தால் கிடைக்கும் என்ற பாடம் பதிந்துவிடும்.

கேள்வி: கடித்தால் குட்டி மாதிரியே ‘கீச்’ என்று கத்தச் சொல்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

பதில்: சில குட்டிகள் திடுக்கிட்டு நிறுத்தும். பல குட்டிகளுக்கு அந்தக் கீச்சுக் குரல்தான் உற்சாகமே. இரண்டு தடவை கத்திப் பாருங்கள். இன்னும் துள்ளினால் விட்டுவிட்டு, எழுந்து போகும் முறைக்கு வாருங்கள்.

கேள்வி: 35 நாள் குட்டி ஒன்று விலை குறைவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டோம். மற்றக் குட்டிகளைவிட அழுத்திக் கடிக்கிறது.
– வாசகர், சேலம்

பதில்: எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும்தான் கற்கிறது. அழுத்திக் கடித்தால் அண்ணன் தம்பி விளையாட்டை விட்டுப் போய்விடும். அந்தப் படிப்பு பாதியில் நின்றிருக்கிறது. 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளே சொல்கின்றன. இனி அந்த வேலை உங்களுடையது: முதலில் பலமான கடிக்கு மட்டும் எழுந்து போங்கள். ஒரு வாரம் கழித்து நடுத்தரக் கடிக்கும், கடைசியில் பல் பட்டாலே எழுந்து போங்கள். தடுப்பூசி போட்ட, நோயில்லாத, சாதுவான பெரிய நாய் தெரிந்தவர் வீட்டில் இருந்தால், அவர்கள் வீட்டுக்குள்ளேயே பழகவிடுங்கள். தெருவில் இறக்க வேண்டாம்; பார்வோ என்கிற, குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய் தொற்றும் வயது இது.

கேள்வி: பல் முளைக்கும் நேரத்தில் கடிக்க என்ன கொடுக்கலாம்? எலும்பு கொடுக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வெந்த எலும்பு வேண்டவே வேண்டாம். சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். தேங்காய் மட்டையும் கூடாது. நார் வயிற்றில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். துண்டை நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் மூன்று மணி நேரம் வைத்துக் கொடுங்கள். குளிர்ந்த முழு கேரட்டும் நல்லது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். உள்ளே குழிவான ரப்பர் பொம்மைக்குள் தீவனத்தைத் தயிரில் பிசைந்து அடைத்து உறையவைத்தால் அரை மணி நேரம் வேலை கொடுக்கும். எந்தப் பொருளானாலும் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும். விழாவிட்டால் அது பல்லை உடைக்கும். பழைய செருப்பைக் கொடுத்துவிட்டுப் புதுச் செருப்பைக் கடித்ததற்குத் திட்டாதீர்கள், அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

கேள்வி: 5 மாத நாட்டு நாய், 13 கிலோ. கதவைத் திறந்தால் போதும், எல்லார் மேலும் தாவுகிறது. வீட்டில் 74 வயது அம்மா இருக்கிறார். கீழே தள்ளிவிடுமோ என்று பயம். முழங்காலால் நெஞ்சில் இடிக்கச் சொன்னார்கள்.
– வாசகர், சென்னை

பதில்: இடிக்காதீர்கள். வளரும் நெஞ்சுக்கூட்டில் அடிபடும், உங்களுக்கும் நிலை தடுமாறும். தாவலுக்குக் கூலி என்ன என்று பாருங்கள்: முகம், கை, குரல். ‘இறங்கு இறங்கு’ என்று தள்ளும்போது இந்த மூன்றையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள்.

திரும்பி நின்றுகொள்வது திடகாத்திரமானவர்களுக்குச் சரி. அம்மாவுக்கு ஒத்துவராது, முதுகில் தாவினால் முகம் குப்புற விழுவார். அவருக்கு முதல் பாதுகாப்பு பயிற்சி அல்ல, தடுப்பு. நாய் நிதானத்துக்கு வரும்வரை அம்மா நடமாடும் நேரத்தில் அது பெல்ட்டிலோ தடுப்புக்கு அந்தப் பக்கமோ இருக்கட்டும்.

பயிற்சி இப்படி. ஜன்னல் கம்பியில் நாலடி பெல்ட்டைக் கட்டி நாயை மாட்டுங்கள். வீட்டிலுள்ள ஒருவர் விருந்தாளி போல நடந்து வரட்டும். முன்னங்கால் தரையை விட்டு எழும்பினால் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டடி பின்னே போக வேண்டும். நாலு காலும் தரையில் இருந்தால் முன்னே வரலாம். எட்டும் தூரத்துக்கு வந்ததும் தீவனத்தைக் கையில் நீட்டாமல் அதன் முன்னங்காலுக்கு அருகே தரையில் போட வேண்டும். மூக்கு கீழே போனால் கால் மேலே வராது. கழுத்துக்குக் கீழே, நெஞ்சில் தடவுங்கள். தலைக்கு மேல் கை வந்தால் எம்பும். ஒரு தடவைக்கு ஆறேழு முறை, நாளுக்கு இரண்டு வேளை. ‘உக்காரு’ நன்றாகப் பழகியிருந்தால், விருந்தாளி இரண்டடி தூரத்தில் நிற்கும்போதே சொல்லுங்கள். தாவிய பிறகு சொன்னால், தாவி உட்கார்ந்தால் தீனி என்று இரண்டையும் கோத்துக்கொள்ளும் கெட்டிக்காரத்தனம் நாட்டு நாய்க்கு உண்டு.

நீங்கள் வேலை முடிந்து வரும்போது கொஞ்சல் வேண்டாம். உள்ளே வந்து, பையை வைத்து, கை கால் கழுவி, அது அடங்கிய பிறகு குனிந்து பேசுங்கள்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் பெல்ட்டை மிதித்துக்கொள்ளுங்கள். நாய் வசதியாக நிற்கும் அளவுக்குத் தளர்வு, எம்பும் அளவுக்கு இல்லை. அம்மா தீவனத்தை நாய்க்குப் பின்பக்கமாக எறியட்டும். அது அவரை விட்டுத் திரும்பிப் போய்த் தின்னும். லிஃப்டில் மூலையில் நிறுத்தி, தரையில் நாலு தீவன மணி தூவிவிடுங்கள்.

பத்துப் பேரில் ஒருவர் ‘பரவாயில்லை, எனக்கு நாய் ரொம்பப் பிடிக்கும்’ என்று தாவ விட்டுக் கொஞ்சுவார். எப்போதாவது கிடைக்கும் கூலிதான் பழக்கத்தை இறுக்கிவிடும். அந்த நண்பரை முதலில் பயிற்றுவியுங்கள்.

கேள்வி: 6 வயது மகளின் பாவாடையையும் கொலுசுக் காலையும் துரத்திக் கடிக்கிறது. அவள் அலறி ஓடுகிறாள்.
– வாசகி, கோவை

பதில்: ஓட்டம், அலறல், கொலுசுச் சத்தம், ஆடும் பாவாடை! இதைவிட நல்ல பொம்மை குட்டிக்குக் கிடைக்காது. கொலுசைச் சில வாரம் கழற்றி வையுங்கள். குட்டி இல்லாதபோதே மகளுக்கு ‘சிலை’ விளையாட்டைப் பழக்குங்கள்: கையைக் கட்டிக்கொண்டு, வாய் திறக்காமல், தன் பாதத்தையே பார்த்து நிற்க வேண்டும். ஐந்து விநாடிக்குள் நீங்கள் வந்து குட்டியை விலக்க வேண்டும். அதுவரை நிற்கச் சொல்லிவிட்டு அடுக்களையில் இருக்கக் கூடாது. இருவரையும் தனியே விடாதீர்கள். தூங்கும்போதும் தின்னும்போதும் குட்டியைத் தொடக் கூடாது என்பது மகளுக்கான சட்டம். தீவனத்தைத் தரையில் உருட்டிவிடும் வேலையை அவளுக்குக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் குட்டி விளையாட்டாகக் கடித்ததில் மகனுக்கு லேசாக ரத்தம். குட்டிக்கு இரண்டரை மாதம், இன்னும் ரேபிஸ் ஊசி போடவில்லை. வீட்டுக் குட்டிதானே என்று விட்டுவிடலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: விடக் கூடாது. குட்டிக்கும் ரேபிஸ் வரும். புண்ணை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்ப வேண்டாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். தோலில் போடும் ஊசி என்றால் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 நாட்களில் போடுவார்கள். ரத்தம் வந்த கடி, மிகக் கடுமையான மூன்றாம் வகை என்பதால் புண்ணிலேயே செலுத்தும் இம்யூனோகுளோபுலினும் (உடனே பாதுகாப்பு தரும் எதிர்ப்பொருள் மருந்து) தேவைப்படும். குட்டியை 10 நாள் கண்காணியுங்கள். ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி போட்டுவிடுங்கள்.

கேள்வி: 4 மாதக் குட்டி, தட்டின் அருகே போனால் உறுமுகிறது. நேற்று கையில் பல் பட்டது. யார் பெரியவர் என்று காட்ட, தட்டைப் பிடுங்கி எடுத்தால் சரியாகுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பிடுங்கப் பிடுங்க, அதன் சந்தேகம் சரிதான் என்று நிரூபித்துக்கொண்டே இருப்பீர்கள். உறுமலைத் திட்டி அடக்கினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். எச்சரிக்கை மணியைக் கழற்றிவிடாதீர்கள். தட்டில் சாதாரணத் தீவனம் இருக்கட்டும். அது உறுமத் தொடங்கும் தூரம் ஆறடி என்றால் நீங்கள் எட்டடியில் நடந்து போகிறபோக்கில் தட்டை நோக்கி ஒரு துண்டு வேகவைத்த, உப்பில்லாத கோழிக்கறியை எறிந்துவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை. உங்களைக் கண்டதும் தட்டை விட்டு நிமிர்ந்து ‘கறி எங்கே’ என்று பார்த்தால் அடுத்த நாள் அரையடி கிட்டே போகலாம். விறைத்தால் பின்னே போங்கள். பிள்ளைகள் இந்தப் பயிற்சியில் சேரவே கூடாது. இரண்டு வாரத்தில் மாற்றமில்லை என்றாலோ, மறுபடி பல் பட்டாலோ, அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளரையும் கால்நடை மருத்துவரையும் பாருங்கள். வயிற்றுப் பூச்சியும் வலியும் பசியையும் எரிச்சலையும் கூட்டும்.

கேள்வி: 7 மாத பொமரேனியன். கோரைப்பல் பக்கத்தில் இன்னொரு கோரைப்பல் நிற்கிறது. கடியும் குறையவில்லை.
– வாசகி, மதுரை

பதில்: பால் பல் விழாமல் நின்றுவிட்டது. சிறிய இனங்களில் சகஜம். ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் இரண்டும் சேர்ந்து நின்றால் இடையில் உணவு சிக்கி ஈறு அழுகும், புதுப் பல் கோணலாகும். கையால் ஆட்டிப் பிடுங்காதீர்கள், வேர் உள்ளேயே முறியும். மயக்கம் கொடுத்து மருத்துவர் எடுக்க வேண்டும். கருத்தடை அறுவை சிகிச்சை செய்யப்போகிறீர்கள் என்றால் ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடித்துவிட முடியுமா என்று அவரிடம் கேளுங்கள்.