மலபார் பயிற்சியில் சேர எந்தக் கோர்ஸ் படிக்க வேண்டும்?

வணக்கம்மா. பொண்ணு பிளஸ் டூ, மேத்ஸ்-பயாலஜி குரூப். மலபார் என்கிற கடற்படைக் கூட்டுப் பயிற்சி வீடியோவைப் பார்த்துவிட்டு "நாலு நாட்டுக் கப்பலும் ஒண்ணா போகுதே, எனக்கு அந்த வேலைதான் வேணும்" என்று நிற்கிறாள், அப்பா நீட் எழுதச் சொல்கிறார், இடையில் ஒருவர் 'சர்வதேசக் கடல் பாதுகாப்பு டிப்ளமோ' என்று நோட்டீஸ் கொடுத்து முன்பணம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். முதல் காரியம், அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

மலபாருக்கு என்று தனியாக ஆள் எடுப்பதில்லை. 1992-ல் இந்தியாவும் அமெரிக்காவும் மட்டும் சேர்ந்து தொடங்கியது அது. 1998 பொக்ரான் அணுகுண்டு சோதனைக்குப் பிறகு நின்று போய், 2002-ல் மறுபடி ஆரம்பித்தார்கள். 2015-ல் ஜப்பான் நிரந்தரமாகச் சேர்ந்தது, 2020-ல் ஆஸ்திரேலியா வந்தது. 2024 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் நடந்தது. அந்தக் கப்பல்களில் இருந்தவர்கள் யார் என்று பார்த்தால், கப்பலைச் செலுத்துகிறவர், இன்ஜினைப் பார்க்கிறவர், ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர், நீர்மூழ்கியின் சத்தத்தைக் காதில் பிடிக்கிறவர், எரிபொருளுக்கும் உணவுக்கும் கணக்குப் பார்க்கிறவர். எல்லாரும் அவரவர் நாட்டுக் கடற்படை, அவரவர் தொழிலுக்காக எடுத்த ஆட்கள். கூட்டுப் பயிற்சி என்பது ஆண்டில் கொஞ்ச நாள் வந்து போவது, மீதி நாளெல்லாம் ரோந்தும் பராமரிப்பும் நடுராத்திரி டியூட்டியும்தான். அதனால் பொண்ணிடம் கேட்க வேண்டிய கேள்வி "கூட்டுப் பயிற்சிக்குப் போக ஆசையா?" என்பது இல்லை, "அந்தக் கப்பலில் எந்த ஆளாக இருக்க ஆசை?" என்பதுதான். இதற்கு அவளிடம் பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அவள் பதில் யோசிப்பதற்கு ஒரு நிஜ சம்பவம் சொல்கிறேன், நான் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வது. 1999 அக்டோபரில் 'அலோண்ட்ரா ரெயின்போ' என்ற ஜப்பானியருக்குச் சொந்தமான சரக்குக் கப்பல், இந்தோனேசியாவில் அலுமினியக் கட்டிகளை ஏற்றிக்கொண்டு ஜப்பானுக்குக் கிளம்பியது. கொஞ்ச நேரத்திலேயே கடற்கொள்ளையர் ஏறிவிட்டார்கள். மாலுமிகள் 17 பேரையும் ஒரு மிதவையில் இறக்கிக் கடலில் விட்டுவிட்டார்கள், பல நாள் தத்தளித்தவர்களைத் தாய்லாந்து மீனவர்கள்தான் பார்த்துக் காப்பாற்றினார்கள். கப்பலுக்குப் பெயரை மாற்றி 'மெகா ராமா' ஆக்கிவிட்டார்கள். கோலாலம்பூரில் உள்ள சர்வதேசக் கடல்சார் பணியகத்தின் கொள்ளை அறிவிப்பு மையம் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் தகவல் அனுப்பிக்கொண்டே இருந்தது. நவம்பர் நடுவில் அது அரபிக்கடலில் கண்ணில் பட்டது, நம் கடலோரக் காவல்படைக் கப்பல் 'தாராபாய்' துரத்தியது, கடற்படையின் 'பிரஹார்' சேர்ந்துகொண்டது, பிடித்தார்கள். 15 இந்தோனேசியர்கள் கைது.

இதில் சுவாரசியம் இதற்குப் பிறகுதான். கேஸ் மும்பையில் நடந்தது, 2003-ல் தண்டனை கொடுத்தார்கள், 2005-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. கடற்கொள்ளைக்கென்று தனிச் சட்டமே அப்போது இந்தியாவில் இல்லை. நடுக்கடலில் அந்நிய நாட்டுக்காரர் அந்நியக் கப்பலைக் கடத்தினால் எந்தச் சட்டத்தில் போடுவது என்று திண்டாட்டம். அந்தச் சட்டம் 2022-ல்தான் வந்தது. அது வந்து ரொம்ப நாள் ஆகவில்லை, 2024 மார்ச்சில் சோமாலியக் கொள்ளையர் பிடித்து வைத்திருந்த 'ரூவென்' கப்பலை 'ஐஎன்எஸ் கொல்கத்தா' மடக்கியது, கடற்படையின் 'மார்கோஸ்' கமாண்டோக்களை விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கினார்கள், 17 மாலுமிகள் பத்திரமாக வந்தார்கள், சரணடைந்த 35 பேரையும் மும்பைக்குக் கொண்டுவந்து புதுச் சட்டத்தின் கீழ் போலீசிடம் ஒப்படைத்தார்கள்.

அலோண்ட்ரா விஷயத்தால் ஜப்பானுக்கும் நமக்கும் நெருக்கம் வந்தது. இரண்டு நாட்டுக் கடலோரக் காவல்படையும் 2000-லிருந்து 'சஹ்யோக்-கைஜின்' என்ற பயிற்சி செய்கிறார்கள், 2020-லும் 2024-லும் சென்னைக்கு வெளியே கடலில்தான் செய்தார்கள். ஜப்பான் முன்னெடுத்த ஆசிய நாடுகளின் கொள்ளைத் தடுப்பு ஒப்பந்தம் 2006-ல் நடைமுறைக்கு வந்தது, அதன் தகவல் மையம் சிங்கப்பூரில் இருக்கிறது. நாடுகள் ஒத்துழைப்பது என்றால் கப்பல்கள் வரிசையாக நின்று போட்டோ எடுப்பது மட்டும் இல்லை. ஒருவர் பார்த்ததை இன்னொருவருக்கு நேரத்தில் சொல்வதும், பிடித்தவனைக் கோர்ட்டில் நிற்க வைப்பதும்தான் பெரிய பகுதி. நோட்டீஸ் கொடுத்தவரிடம் இந்தக் கதையைச் சொல்லி, "இதில் உங்கள் டிப்ளமோ எந்த வேலைக்கு?" என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, இப்போது வழிகள். கப்பலில் நிற்கும் அதிகாரியாக வேண்டும் என்றால் பிளஸ் டூவிலிருந்தே இரண்டு கதவு. ஒன்று என்டிஏ, அதாவது தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வு. 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு பெண்களும் எழுதுகிறார்கள், 2022-ல் சேர்ந்த முதல் பெண்கள் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். எழுத்துத் தேர்வில் கணக்குக்கு 300 மார்க், பொதுத் திறனுக்கு 600, அதற்கு மேல் எஸ்எஸ்பி (படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்முகம் தனியாக 900. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், தமிழ் மீடியம் பிள்ளையாக இருந்தால் ஆங்கிலத்தில் இன்றைக்கே உட்கார வேண்டும். இன்னொரு கதவு 10+2 பி.டெக் நுழைவு. அதற்குத் தனித் தேர்வு கிடையாது, ஜேஇஇ மெயின் ரேங்க்கை வைத்து எஸ்எஸ்பிக்குக் கூப்பிடுவார்கள், பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் சேர்த்து 70 சதவீதம் கேட்பார்கள். கேரளாவில் கண்ணூர் பக்கம் எழிமலாவில் உள்ள கடற்படை அகாடமியில் படிப்பு, செலவு அரசாங்கத்துடையது. நம் பிள்ளைகள் பலருக்கு இந்த இரண்டாவது வழி இருப்பதே தெரியவில்லை, ஜேஇஇ எழுதிவிட்டு ரேங்க் கம்மி என்று அழுதுகொண்டு இருப்பார்கள்.

எஸ்எஸ்பி ஐந்து நாள். அங்கேதான் நிறைய பேர் கழிவார்கள், அதற்காகப் பிள்ளை மட்டம் என்று அர்த்தம் இல்லை. ஒருமுறை வராவிட்டால் மறுபடி போகலாம், டிகிரி முடித்துவிட்டும் போகலாம். கண் பரிசோதனையை மட்டும் இப்போதே செய்துவிடுங்கள், நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதையும் சேர்த்து. எல்லாம் தேறிய பிறகு மெடிக்கலில் திரும்பி வருகிற வேதனை வேண்டாம்.

பெண் பிள்ளையைக் கடலுக்கு எப்படி அனுப்புவது என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். பயம் நியாயம்தான், ஆனால் நீங்கள் பத்து வருஷத்துக்கு முந்தைய கடற்படையை நினைத்துப் பயப்படுகிறீர்கள். 2023 கடைசியில் ஒரு போர்க்கப்பலுக்குப் பெண் அதிகாரி ஒருவர் தலைமை ஏற்றார். நம் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி, கேரளாவைச் சேர்ந்த தில்னாவோடு, 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் திரும்பினார். இரண்டு பேர் மட்டும்தான் படகில். இந்தச் செய்தியைப் பொண்ணுக்குக் காட்டுவதை விட அவள் அப்பாவுக்குக் காட்டுங்கள். மாதக்கணக்கில் வீட்டை விட்டு இருப்பது, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் மாற்றல், இதெல்லாம் நிஜம், அதை மறைத்து நான் சொல்ல மாட்டேன். அதை அவளே யோசித்து ஏற்க வேண்டும்.

ஒருவேளை அவளுக்குக் கப்பலை விடத் திரையில் புள்ளிகளைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற வேலை பிடிக்கலாம். 2018 டிசம்பரில் குருகிராமில் நம் கடற்படை இந்தியப் பெருங்கடல் தகவல் மையம் ஒன்றைத் தொடங்கியது. அங்கே அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் என்று பல நாட்டு அதிகாரிகள் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்து, எந்தச் சரக்குக் கப்பல் அடையாளக் கருவியை அணைத்துவிட்டது, எது வழி மாறிப் போகிறது என்று பார்க்கிறார்கள். இதே மாதிரி அலசுகிற வேலை தனியாரிலும் இருக்கிறது, கப்பல் காப்பீட்டுக்காரர்களுக்கும் கப்பல் கம்பெனிகளுக்கும் அது வேண்டும், செங்கடலில் ஏவுகணை விழ ஆரம்பித்ததும் காப்பீட்டுக் கட்டணம் எப்படி ஏறியது என்று பார்த்திருப்பீர்கள். இதற்குக் கணினி அறிவியல், புள்ளியியல், கூடவே புவியியல் தெரிந்த ஆள் தேவை. சட்டம் பிடித்தால், மேலே சொன்ன அலோண்ட்ரா கதையே போதும் எவ்வளவு வேலை கிடக்கிறது என்று காட்ட: கிளாட் என்கிற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வு எழுதித் திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மாதிரி ஓரிடம், பிறகு கடல்சார் சட்டம். கடற்படையே வழக்கறிஞர்களை அதிகாரிகளாக எடுக்கிறது. வரலாறு, வெளியுறவு என்று ஆர்வம் போனால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வுத் துறை இருக்கிறது, ஆனால் அந்தப் படிப்பு முடித்ததும் வேலை தானாக வராது, ஒரு அந்நிய மொழியும் நன்றாக எழுதுகிற பழக்கமும் சேர்ந்தால்தான் பலன்.

பையன் டிப்ளமோ மெக்கானிக்கல் என்று போகிற போக்கில் சொன்னீர்களே, உண்மையில் அவனுக்குத்தான் வழி பக்கத்திலேயே இருக்கிறது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' என்ற சரக்குக் கப்பல் எண்ணூருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளி எல்&டி கப்பல் தளத்துக்குப் பழுது பார்க்க வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் இந்தியாவில் பழுது பார்க்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த வருஷமே அதற்கு ஒரு பழுதுபார்ப்பு ஒப்பந்தமும் போட்டார்கள். இரண்டு நாட்டுக் கூட்டுறவு என்று டெல்லியில் கையெழுத்து போட்டது கடைசியில் காட்டுப்பள்ளியில் ஒரு வெல்டருக்கும் பைப் ஃபிட்டருக்கும் வேலையாக வந்து சேர்கிறது. கப்பல் தரச் சான்றிதழோடு வெல்டிங் தெரிந்த பையனை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

அப்புறம் அந்த நோட்டீஸ். "வெளிநாட்டுக் கப்பலில் ஆயுதக் காவலர் வேலை, டாலரில் சம்பளம்" என்று அதில் இருந்தால் ரொம்ப உஷாராக இருங்கள். 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கு வெளியே 'சீமேன் கார்ட் ஓஹையோ' என்ற தனியார் பாதுகாப்புக் கப்பல் பிடிபட்டது. கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காப்பதுதான் அவர்கள் தொழில், ஆனாலும் ஆயுதத்தோடு நம் கடலுக்குள் வந்ததாக 35 பேர் மீதும் வழக்கு. இந்தியர்கள், பிரிட்டிஷ்காரர்கள், எஸ்தோனியர்கள், உக்ரேனியர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். 2016-ல் ஐந்து வருஷம் தண்டனை, 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விடுதலை செய்தது. கம்பெனியின் காகிதம் சரியில்லை என்றால் ஜெயிலில் இருப்பது வேலைக்குப் போன ஆள்தான்.

வணிகக் கப்பல் பக்கம் போவதானாலும் இதே எச்சரிக்கை. படிப்புக்கு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு வழியாகப் போங்கள், தலைமையிடம் சென்னையில்தான் இருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சி எதுவாக இருந்தாலும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் கொடுத்த ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்க வேண்டும், அந்த எண்ணை அவர்கள் இணையதளத்திலேயே தட்டிப் பார்க்கலாம். வேலை வாங்கித் தர மாலுமியிடம் பணம் வாங்குவது சட்டப்படி தப்பு. பணம் கேட்டாலே அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நீட் விஷயத்தில் அப்பாவோடு சண்டை வேண்டாம். புனேயில் இருக்கிற ராணுவ மருத்துவக் கல்லூரி நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான் பெண்களையும் எடுக்கிறது, அங்கே படித்தவர்கள் கடற்படை டாக்டராகவும் போகிறார்கள். ஆனால் நீட், ஜேஇஇ, என்டிஏ மூன்றுக்கும் ஒரே மாதிரி தயாராக ஒரு பிள்ளையால் முடியாது. ஜேஇஇயும் என்டிஏவும் பாடத்தில் ஒன்றோடொன்று ஒத்துப்போகும், நீட் தனி ஓட்டம். அரையாண்டுத் தேர்வில் கணக்கிலும் உயிரியலிலும் என்ன மார்க் வருகிறது என்று பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் என்பதை அவளையே சொல்லச் சொல்லுங்கள், அந்த மார்க் ஷீட்டோடு மூன்று பேரும் வாருங்கள், உட்கார்ந்து முடிவு செய்வோம். அதற்குள் என்டிஏ விண்ணப்பம் வந்துவிட்டால் காத்திருக்காமல் போட்டுவிடுங்கள், பெண்களுக்குக் கட்டணமே கிடையாது.